நாலு பக்கமும் ஆள் நிற்கும் மேசை: கூட்டுத் தொடுதிரைக்கு முன்மாதிரி செய்வதும் சோதிப்பதும்

சிறுபோக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டம் கலைந்த பிறகு, வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பில் உள்ள வட்டவிதானைமார் நாலைந்து பேர் கடதாசி வரைபடத்தைச் சுற்றி நின்று நீர்முறை, அதாவது யாருக்கு எப்போது எத்தனை நாள் தண்ணீர் என்று பேசுவதைக் கவனியுங்கள். ஒருவர் பேனையின் பின்பக்கத்தால் வாய்க்காலைத் தடவிக் காட்டுவார். இன்னொருவர் தன் கண்டத்தின் (வயல்தொகுதியின்) மேல் கையை ஊன்றிக்கொண்டே மறுத்துப் பேசுவார். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழ்தான். ஆனாலும் வாய்க்காலின் வளைவை வைத்தே தன் இடத்தைக் கண்டுவிடுவார். வரைபடம் யாருக்காகவும் அசைவதில்லை. அதனால் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

அதே வரைபடத்தை 55 அங்குலத் தொடுதிரையில் ஏற்றி, மேசையாகப் படுக்கவைத்தால் முதல் நிமிடத்திலேயே சிக்கல் தொடங்கும். ஒருவர் தன் கண்டத்தைப் பெரிதாகப் பார்க்க இரண்டு விரலை விரிப்பார். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்த இடம் திரையை விட்டே ஓடிவிடும். அவர்கள் கையை எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் வாயையும் மூடிக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் இயக்குகிறார், மூவர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். கைத்தொலைபேசியில் நன்றாக வேலை செய்த ஒரு பழக்கத்தை நாலு பேருக்குப் பொதுவான பரப்பில் அப்படியே வைத்ததுதான் பிழை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படியான மேசைக்கு நியாயமான பயன்கள் உண்டு. நீர்முறை வகுப்பது, வெள்ள நேரத்தில் எந்தப் பாதை மூழ்கியது, எங்கே தோணி வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் குறிப்பது, பாடசாலையில் குழுவாகக் கற்பது எல்லாம் பலர் ஒரு பரப்பைப் பார்த்துப் பேசி முடிவெடுக்கும் வேலைகள். இந்தக் கட்டுரை நீர்முறையை உதாரணமாக எடுத்துக்கொண்டு, மேசையை எந்த ஒழுங்கில் செய்து பார்த்துச் சோதிப்பது என்று விளக்குகிறது. விரல் பொத்தானில் சரியாகப் படுகிறதா என்பது சின்னக் கேள்வி. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் மேசை என்ன செய்கிறது என்பதே சோதிக்கவேண்டிய பெரிய கேள்வி. அதில் பெரும்பகுதியை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கடதாசியிலேயே கண்டுபிடிக்கலாம்.

தெரிந்திருக்கவேண்டிய பழைய பாடங்கள்

2001 இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் போல் டீட்ஸ், டெரன் லீ இருவரும் டயமண்ட்டச் என்ற மேசையைச் செய்தார்கள். மேசைப்பரப்பிலிருந்து வரும் மெல்லிய மின்சைகை தொடுபவரின் உடல் வழியாக அவர் இருக்கும் கதிரைக்குப் போய்ச் சேரும். அதனால் எங்கே தொட்டது என்பதோடு யார் தொட்டது என்றும் அந்த மேசைக்குத் தெரிந்தது. 2005 இல் ஜெஃப் ஹான், கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகட்டுக்குள் அகச்சிவப்பு ஒளியை ஓடவிட்டு, விரல் பட்ட இடத்தில் சிதறும் ஒளியைப் பின்னாலிருந்து கமெராவால் பிடிக்கும் மலிவான முறையைக் காட்டினார். 2007 இல் மைக்ரோசொஃப்ட் தன் சர்ஃபேஸ் மேசையை அறிவித்தது. இன்று சந்தையில் கிடைக்கும் பெரிய தொடுதிரைகள் அநேகமாக எல்லாம் ஒரே நேரத்தில் பல விரல் பட்டாலும் எண்ணும். விரல் யாருடையது என்று அறியாது. பின்னால் வரும் பல தலைவலிகளுக்கு வேர் இதுதான்.

2004 இல் ஸ்டேசி ஸ்கொட், ஷீலா கார்ப்பெண்டேல், கோரி இன்க்பென் ஆகிய மூவர், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பரப்பைத் தாமாகவே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். தனக்கு முன்னால் உள்ளது தன் இடம். நடுப்பகுதியும் ஆட்களுக்கு இடைப்பட்ட பகுதியும் பொது இடம். இப்போதைக்குத் தேவையில்லாததை ஒதுக்கும் இடம் மூன்றாவது. யாரும் கோடு கீறுவதில்லை, ஆனாலும் எல்லோரும் மதிக்கிறார்கள். வரம்பு தெரிந்த எந்த விவசாயிக்கும் இது புதிதில்லை. வடிவமைப்பு இந்த எல்லையை மீறும்போது, உதாரணமாக ஒருவர் திறந்த பெட்டி இன்னொருவரின் முன்னால் போய் விரியும்போது, கூட்டத்தில் எரிச்சல் கிளம்பும்.

முதற்கட்டம்: கடதாசி, உண்மை அளவில்

உண்மை அளவு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏ4 தாளில் சின்னதாகக் கீறி நாலு பேரிடம் காட்டினால் எல்லோருக்கும் எல்லாம் எட்டும். எட்டாமை என்ற பிரச்சினையே தெரியவராது. 55 அங்குலத் திரையின் ஒளிரும் பரப்பு ஏறத்தாழ 122 செ.மீ. நீளம், 68.5 செ.மீ. அகலம். ஏ0 தாளின் நீளப்பக்கம் 118.9 செ.மீ. வீட்டுப் பிளான் அச்சிடும் கடையில் ஏ0 தாளில் வரைபடத்தை எடுத்து, அகலத்தை 67 செ.மீ. ஆக வெட்டினால் திரைக்கு மிக நெருங்கிய அளவு கிடைத்துவிடும். அதைச் சுற்றி 5 செ.மீ. அகலத்தில் கறுப்பு மட்டையை ஒட்டுங்கள். உண்மையான திரைக்கும் விளிம்புச் சட்டம் இருக்கும், அது கையின் எட்டத்தைக் குறைக்கும். இருந்து பயன்படுத்துவதென்றால் மேசை உயரம் 72 முதல் 75 செ.மீ. நின்று பயன்படுத்துவதென்றால் 90 செ.மீ. அளவில் வையுங்கள். கூட்டத்தில் ஆட்கள் நிற்பார்களா இருப்பார்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏனென்றால் கதிரையில் இருப்பவருக்கு வசதியாக எட்டும் தூரம் 40 செ.மீ. அளவுதான்; அதற்கு மேல் எழும்பவேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரின் முன்னால் கையை நீட்டவேண்டும்.

பொருட்கள் எல்லாம் புத்தகக்கடையில் உள்ளவை. திரையில் நகரும் ஒவ்வொன்றும் ஒரு பிரிஸ்டல் மட்டைத் துண்டு. ஒன்றின்மேல் ஒன்று தெரியவேண்டிய நீர்மட்டம், மூழ்கிய பகுதி போன்றவை ஊடுதெரியும் ஓ.எச்.பி. தாளில். வாய்க்காலில் நீர் ஓடும் வழிக்கு நீலநூல். எழுதி அழிக்கவேண்டிய இடங்களுக்குக் கண்ணாடிப் பொலித்தீன், அதன்மேல் நாலு நிற மார்க்கர். ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தால் யார் எதைக் கீறினார் என்பது பிறகு படத்தில் தானாகத் தெரியும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், அல்லது ஒவ்வொரு துண்டின் பின்னாலும் புளூடாக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசை) வையுங்கள். காற்றில் பறந்த மட்டையைப் பிடிக்க நாலு பேரும் பாய்ந்தால் அந்த ஐந்து நிமிடப் பதிவு வீண்.

கமெரா மேலே ஒன்று போதும். 122 செ.மீ. மேசையோடு இரு பக்கமும் 40 செ.மீ. சேர்த்து இரண்டு மீற்றர் அகலம் பிடிக்க, சாதாரணத் தொலைபேசிக் கமெராவை மேசைக்கு மேலே ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் கட்டவேண்டும். அப்படிக் கட்டினால் கையும் மேசையும் விழும், முகம் விழாது. இது நல்லதே. முகம் பதிவாகாது என்று சொன்னால் ஆட்கள் இலகுவாகப் பேசுவார்கள். குரலுக்கு மேசையோரம் இன்னொரு தொலைபேசி. இரண்டையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். முழு எச்.டி. பதிவு நிமிடத்துக்கு நூறு எம்.பி.க்கு மேல் இழுக்கும்; 45 நிமிடத்துக்கு 6 ஜீ.பி. காலியிடம் இருக்கிறதா என்று தொடங்கும் முன் பாருங்கள். அரைவாசியில் நின்றுபோன பதிவு இந்த வேலையில் மிகச் சாதாரணமான இழப்பு.

கடதாசித் திரை தானாக மாறாது. ஓர் ஆள் கணினியாக நின்று துண்டுகளை மாற்றவேண்டும். தனியாள் செயலிக்கு ஒருவர் போதும். நாலு பேர் மேசைக்கு இரண்டு பேர் வேண்டும், நீளப்பக்கத்துக்கு ஒருவராக. இங்கே நடக்கும் பெரிய தவறு, கணினியாக நிற்பவர் நல்லவராக இருப்பது. பயனர் பாதியில் விரலை நிறுத்தினாலும் அவர் நினைத்ததை ஊகித்துச் செய்துவிடுவார். உண்மையான மென்பொருள் அப்படிச் செய்யாது. ஆகவே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதிக் கொடுங்கள்: ஒரு விரல் இழுத்தால் துண்டு நகரும், இரண்டு விரல் விரித்தால் அந்த இடத்தை மட்டும் பெரிதாகக் காட்டும் வட்டக் கண்ணாடி திறக்கும், இரண்டு பேர் ஒரே துண்டைப் பிடித்தால் முதலில் தொட்டவருக்கே அது போகும், வேறெதற்கும் எதுவும் நடக்காது. கணினியாக நிற்பவர் பேசக்கூடாது, சிரிக்கவும் கூடாது.

கொடுக்கும் வேலை

சேர்ந்து செய்யாமல் முடிக்க முடியாத வேலையைக் கொடுத்தால்தான் மேசை சேர்ந்து செய்யத் தோதானதா என்று தெரியும். ஒரு வாய்க்காலின் கீழ் நாலு கண்டம் என்று வைப்போம்: 180, 120, 160, 140 ஏக்கர், மொத்தம் 600. ஒரு சுற்றுக்கு 12 நாள் தண்ணீர். கணக்கைப் பார்த்தால் நாளுக்கு 50 ஏக்கர், முறையே 3.6, 2.4, 3.2, 2.8 நாள். துருசை (வாய்க்கால் மதகை) நாள்கணக்கில்தான் திறந்து மூடமுடியும் என்றால் இந்தப் பின்னங்களை யாரோ விட்டுக்கொடுக்க வேண்டும். அதோடு நாலு பேருக்கும் தனித்தனிச் சீட்டு: தலைக்கண்டத்தில் விதைப்பு ஒரு வாரம் பிந்திவிட்டது, இரண்டாம் கண்டத்தில் வாய்க்கால் கரை உடைந்து கசிகிறது, மூன்றாவது சொந்தத் தேவைக்குக் கிணறு வைத்திருக்கிறது, கடைக்கண்டத்துக்குப் போய்ச் சேரும் முன் நீர் குறைந்துவிடும். சீட்டை மற்றவரிடம் காட்டக்கூடாது, வாயால் சொல்லலாம். இப்போது பேச்சு தொடங்கும். கை மேசைக்குப் போகும். கவனிக்க விஷயம் கிடைக்கும்.

கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை வயல்களுக்கு அனுப்பி, ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவோரைச் சிறு குழுக்களாகச் சேர்த்தன. நீர்ப்பங்கீடு பேச்சிலும் நம்பிக்கையிலும் நடக்கிற காரியம் என்பதை அந்த அனுபவம் நன்றாகக் காட்டியது. எனவே மேசை பங்கைத் தானே கணக்கிட்டுத் தீர்ப்புச் சொல்வது எங்கள் கருத்தில் பிழையான வடிவமைப்பு. ஒருவர் ஒரு நாளை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று எல்லோர் கண்ணுக்கும் உடனே தெரியவேண்டும். அவ்வளவும் போதும்.

கடதாசிக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வெளிவரும் பிழைகள் சில உண்டு. ஒரே ஒரு பட்டியல் மேசையின் ஒரு பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் இருப்பவர் கேட்காமலே தலைவராகிவிடுவார். பொதுவான பெரிதாக்கல் முதலில் சொன்னதுபோல் மற்றவர்களைத் துரத்தும். அதற்குப் பதிலாக வரைபடம் நிலையாக இருக்க, ஒவ்வொருவரும் தன் முன்னால் ஒரு வட்டக் கண்ணாடியைத் திறந்து தன் இடத்தைப் பெரிதாகப் பார்க்க விடுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள மட்டை வளையம் இதைச் சோதிக்கப் போதும். ‘முடிந்தது’ என்ற பொத்தானை ஒருவர் மட்டும் அழுத்தினால் மற்றவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். நாலு பக்கமும் ஒவ்வோர் அடையாளம் வைத்து, நாலிலும் விரல் வைத்தால்தான் முடிவு பதியும் என்று மாற்றிப் பாருங்கள். 2004 இல் மெரிடித் ரிங்கல் மொரிஸும் அவரோடு ஆய்வு செய்தோரும் எழுதியதும் இதுவே: மரியாதையும் பேச்சும் மட்டும் மேசையில் மோதலைத் தடுக்காது, சில முடிவுகளுக்கு மென்பொருளிலேயே ஒழுங்கு வேண்டும்.

கையும் மரியாதையும்

எங்கள் ஊர்களில் சோதிக்கும்போது வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத சில விஷயங்களைப் பார்க்கவேண்டும். இடக்கையால் ஒன்றை நீட்டிக் கொடுப்பது பலருக்கு மனம் வராத செயல். வலக்கையில் பிளேன்ரீக் கோப்பை இருந்தால் மேசையில் எதையும் தள்ளாமல் காத்துநிற்பார்கள். பக்கத்தில் அறிமுகமில்லாத ஆண் இருக்க, அவர் முன்னால் கையை நீட்டிப் பொத்தானைத் தொடப் பெண்கள் பலர் விரும்பமாட்டார்கள், காத்தான்குடியானாலும் களுவாஞ்சிக்குடியானாலும். ஆகவே ஒருவருக்குத் தேவையான எல்லாம் அவருடைய 40 செ.மீ. வட்டத்துக்குள் இருக்கவேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு அனுப்ப, தன் விளிம்பில் உள்ள குறியின்மேல் துண்டை விட்டால் அது மற்றவரின் பக்கம் போய் அவருக்கு நேராகத் திரும்பி நிற்கவேண்டும்.

இன்னொன்று, வயதானவர் தொடாமலே வேலை செய்வார். “அதை இங்கால தள்ளு மனே” என்று பக்கத்தில் நிற்கும் இளைஞனிடம் சொல்லுவார், அவன் தள்ளுவான். தொட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் பங்கெடுக்கவில்லை என்று பதிவாகும். உண்மையில் அந்த மேசையில் முடிவெடுத்தவர் அவர்தான். எனவே கைக்கணக்கோடு பேச்சையும் சேர்த்துப் பதியுங்கள். அதிகாரி ஒருவர் இருக்கும் குழுவையும் இல்லாத குழுவையும் தனித்தனியாகச் சோதிப்பது கட்டாயம். ‘சேர்’ மேசையில் இருந்தால் மற்றவர்கள் அவர் கையை எடுக்கும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை வடிவமைப்பின் குறை என்று எண்ணிவிட்டால் பிழையானதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் கட்டம்: ஓடும் மென்பொருள்

கடதாசியில் மூன்று குழுக்கள் முடிந்ததும் நிரலுக்குப் போகலாம். உலாவியிலேயே ஓடும் எளிய முன்மாதிரி போதும். சுட்டி (மவுஸ்) நிகழ்வுகளை நம்பி எழுதாமல், உலாவி ஒவ்வொரு தொடுகையையும் தனித்தனியாக அறிவிக்கும் பொயின்டர் ஈவென்ட்களைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனி எண் கிடைக்கும், எந்த விரல் எந்தத் துண்டைப் பிடித்திருக்கிறது என்று தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். சுட்டிக்காக எழுதிய செயலி மேசையில் இரண்டாவது விரல் பட்டவுடன் குழம்பும். உலாவியின் சொந்தப் பெரிதாக்கலையும் உருட்டலையும் நிறுத்திவைக்க மறந்தால், யாரோ இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டதை அது பெரிதாக்கல் என்று எடுத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் ஊதிவிடும்.

அளவுகளைப் பிக்சலில் நினைக்காமல் மில்லிமீற்றரில் நினையுங்கள். 55 அங்குலத் திரை முழு எச்.டி. என்றால் ஒரு பிக்சல் 0.63 மி.மீ.; 4கே என்றால் 0.32 மி.மீ. ஒரே 48 பிக்சல் பொத்தான் முதலாவதில் 30 மி.மீ. ஆகவும் இரண்டாவதில் 15 மி.மீ. ஆகவும் வரும். கையை நீட்டித் தொடும் மேசையில் 20 மி.மீ.க்குக் குறையாமல், இடைவெளி 5 மி.மீ. வைத்துத் தொடங்கலாம்.

தட்டச்சு பெரிய பொறி. இயங்குதளத்தின் திரை விசைப்பலகை ஒன்றுதான். எழுத்து போய் விழும் பெட்டியும் ஒரே நேரத்தில் ஒன்றுதான். இரண்டு பேர் எழுத முயன்றால் இருவரின் எழுத்தும் ஒரே பெட்டியில் போய் விழும். ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த விசைப்பலகையை நீங்களே வரையலாம், ஆனால் தமிழுக்கு அது இடத்தை விழுங்கும். நீர்முறை மேசைக்கு எங்கள் பரிந்துரை, தட்டச்சே வேண்டாம். எண்களைத் தட்டித் தெரிவதும் விரலால் கீறிக் குறிப்பதும் போதும். நீண்ட பெயரை வெட்டிக் காட்டும்போது யுனிகோட் குறியீடுகளை (கணினி எழுத்துக்குக் கொடுக்கும் எண்களை) எண்ணி வெட்டாதீர்கள். ‘கொ’ நடுவில் உடைந்து வெறும் ‘க’ ஆகிவிடும். வட்டவிதானையின் பெயர் பிழையாக வந்தால் அவர் அந்த மேசையை மீண்டும் நம்பமாட்டார்.

அம்பாறை மாவட்டத்தில் ஒரே வாய்க்காலைத் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கூட்டுத் திரையின் உண்மையான பலம் இங்கேதான் தெரியும்: பக்கத்துக்குப் பக்கம் மொழி மாறலாம். என் விளிம்பில் உள்ள துண்டு தமிழில். அதை எதிர்ப்பக்கம் தள்ளினால் அங்கே சிங்களத்தில் திரும்பி நிற்கும். நடுவில் உள்ள பொது வரைபடத்தில் சொற்களைக் குறைத்து, எண்ணும் நிறமும் குறியுமாக வையுங்கள். இதை ஒரு தனிச் சோதனையாகவே நடத்தவேண்டும், ஏனென்றால் தள்ளிய துண்டில் சொல் மாறியதும் ‘நான் அனுப்பியது இதுதானா’ என்ற ஐயம் எழும். துண்டின் நிறமும் உருவும் மாறாமல் இருந்தால் அந்த ஐயம் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாம் கட்டம்: வன்பொருள், வெயில், சேலை முந்தானை

பெரிய திரைகளில் இரண்டு வகை அதிகம். அகச்சிவப்புச் சட்டம் வைத்தவற்றில் கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீற்றரில் ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எது கதிரை மறித்தாலும் அது தொடுகை. மின்கொள்ளளவு (கபாசிட்டிவ்) வகையில் விரலின் மின்தன்மையைக் கண்ணாடியின் அடியில் உள்ள வலை உணரும். இரண்டும் வேறு வேறு விதமாகப் பிழைக்கும்.

அகச்சிவப்பில் முந்தானை நுனி, அபாயாவின் கைவிளிம்பு, தொங்கும் வளையல், வைத்த கோப்பை எல்லாம் விரலாகும். குனியும்போது சட்டைப்பையிலிருந்து சரியும் பேனையும் விரல்தான். மேற்குப் பக்கக் கதவால் பின்னேர வெயில் சட்டத்தில் நேரே பட்டால் உணரிகள் நிறைந்து, அந்தப் பட்டை முழுவதும் செத்துப்போகும். மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஈசல் சட்டத்தின் மூலையில் அமர்ந்தால் அங்கே ஒருவர் விரலை ஊன்றியிருப்பதாகத் திரை நினைக்கும். மருந்து எளிது: தொடுகையின் அகலத்தை அளந்து 30 மி.மீ.க்கு மேற்பட்டதையும், நகராமல் 20 வினாடிக்கு மேல் நிற்பதையும் மென்பொருளில் தள்ளிவிடுங்கள். ஆனால் கையை ஊன்றிப் பேசும் பழக்கத்தை நினைவில் வையுங்கள். ஊன்றிய உள்ளங்கை எந்தக் கட்டளையும் ஆகாமல் இருக்கவேண்டும், ஆளைக் கையை எடுக்கச் சொல்லக்கூடாது.

கொள்ளளவு வகையில் துணி பிரச்சினையில்லை. ஆனால் மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலையும், வலை இழுத்து உலர்ந்த விரலையும் அது சிலவேளை உணராது. ஆள் அழுத்தி அழுத்திப் பார்ப்பார், பிறகு தனக்கு இது வராது என்று விலகுவார். அவர் விலகியதற்குக் காரணம் கண்ணாடி, கல்வி இல்லை. வியர்த்த கையும் நீர்த்துளியும் எதிர்ப்பக்கப் பிழை, தொடாத இடத்தில் தொடுகை. ஏர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் திரையைச் செருகினாலும் இதே பேய்த்தொடுகை வரும். பழைய கட்டடங்களில் சுவர் பிளக்கில் மூன்று துளை இருந்தும் ஏர்த் வயர் இணைக்கப்படாமல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் மின்பணியாளரைக் கொண்டு ஏர்த்தைப் பாருங்கள்; கணினியைப் பற்றரியில் மட்டும் ஓடவிட்டால் பேய் போகிறதா என்றும் பாருங்கள்.

ஆட்களை அழைக்கும் முன் மூன்று சின்னச் சோதனை. ஒன்று, கீறும் செயலி ஒன்றைத் திறந்து, விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டு, யாரும் தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு புள்ளி விழுந்தாலும் காரணம் தேடுங்கள். இரண்டு, நாலு பேர் ஆளுக்கு மூன்று விரலை ஒரே நேரத்தில் வையுங்கள். 10 தொடுகை என்று விற்ற திரையில் 11 ஆவதும் 12 ஆவதும் காணாமல் போகும். கூட்டத்தில் ‘எனக்கு மட்டும் வேலை செய்யுதில்ல’ என்ற முறைப்பாடு இங்கிருந்துதான் வருகிறது. மூன்று, தொலைபேசியின் மெதுஇயக்க வீடியோவை வினாடிக்கு 240 ஃபிரேமில் வைத்து, இழுக்கும் விரலுக்கும் பின்னால் வரும் துண்டுக்கும் இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.2 மில்லிசெக்கன், 24 ஃபிரேம் என்றால் 100 மில்லிசெக்கன். அவ்வளவு தாமதத்தில், வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இழுத்தால் துண்டு விரலுக்கு 5 செ.மீ. பின்னால் வரும். அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் கை போய்விடும்.

எத்தனை குழு, எதை எழுதுவது

ஐந்து பேரைச் சோதித்தால் பிழைகளில் 85 வீதம் தெரிந்துவிடும் என்ற பேச்சு 1993 இல் ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒரு பயனர் சராசரியாக 31 வீதப் பிழையைக் காட்டுவார் என்று எடுத்தால் ஐவருக்கு 84 வீதம் வரும், மூவருக்கு 67. அந்தக் கணக்கு தனித்தனியாகச் சோதித்த ஆட்களுக்கு. கூட்டு மேசையில் அலகு ஆள் இல்லை, குழு. நாலு பேரை அழைத்தும் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு அவதானம். குழுக்களுக்கு இடையே வேறுபாடும் அதிகம். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த குழுவும் அன்றைக்குத்தான் சந்தித்த குழுவும் ஒரே மேசையில் இரண்டு விதமாக நடக்கும். ஆகவே ஒரே தடவையில் ஐந்து குழுவுக்குச் செலவழிப்பதைவிட, மூன்று குழு, திருத்தம், மீண்டும் மூன்று குழு, திருத்தம் என்று மூன்று சுற்றுப் போவது கூடிய பயன் தரும். அதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த நாலு பேரோடு ஒரு ஒத்திகை. அதன் பதிவை முடிவுகளில் சேர்க்கக்கூடாது.

நாள் தெரிவும் முறையின் பகுதிதான். விதைப்பு, அறுவடை வாரங்களில் அழைத்தால் வேலையில்லாதவர்கள்தான் வருவார்கள், உண்மையான பயனர்கள் வரமாட்டார்கள். வெள்ளி நண்பகல், கோயில் திருவிழா, போயா தினம் விலக்குங்கள். பயணச்செலவும் அரைநாள் கூலியும் முன்பே சொல்லிக் கொடுக்கவேண்டும். மேசையை நன்றாகச் சொன்னால்தான் காசு என்ற எண்ணம் வராதபடி வந்தவுடனே கொடுத்துவிடுங்கள். சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். எது பதிவாகும், யார் பார்ப்பார், எப்போது அழிப்பீர்கள் என்ற மூன்றும் பேச்சுத்தமிழில் இருக்கட்டும்.

ஒரு அமர்வு 75 நிமிடம் என்றால், 10 நிமிடம் சம்மதம், 5 நிமிடம் இஷ்டப்படி தொட்டுப் பார்க்க, 30 நிமிடம் வேலை, 10 நிமிடம் தேநீர், 20 நிமிடம் பேச்சு. விளக்கம் கொடுக்காமல் விடும் அந்த 5 நிமிடம் விலைமதிப்பானது. யார் முதலில் தொடுகிறார், எத்தனை விரலால், மற்றவர் எப்போது சேர்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். நடத்துபவர் ஒருவர், எழுதுபவர் இருவர். எழுதுபவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் ஐந்து குறிகளை மட்டும் போட்டால் போதும்: கை மோதியது, கேட்டுவிட்டுத் தொட்டது, மற்றவரைத் தொடச் சொன்னது, தவறிப் பட்டது, மேசையை விட்டு விலகி நின்றது. கடைசிக் குறிதான் மிக முக்கியம். ஒருவர் ஒரு அடி பின்னால் போன நிமிடத்துக்கு முந்தைய இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்தால் காரணம் அநேகமாக அங்கே இருக்கும். மென்பொருளின் பதிவையும் வீடியோவையும் பொருத்த, தொடக்கத்தில் திரையின் நாலு மூலையையும் வரிசையாகத் தொட்டு ஒருமுறை கைதட்டுங்கள்.

பேச்சு நேரத்தில் ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லாயிருக்கு’ என்றுதான் பதில் வரும். வீட்டுக்கு வந்தவரின் பலகாரத்தைக் குறைசொல்லாத ஊர் இது. ஜோன் புரூக் 1986 இல் வகுத்த, ஒரு பொருள் பயன்படுத்த எளிதா என்று அளக்கும் 10 கேள்விப் படிவத்தைத் தமிழாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. 100க்கு 68 சராசரி என்று கொள்வார்கள். அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறைக் கூற்று. வாசித்துக் காட்டும்போது ‘சிக்கலானது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை’ போன்ற பதில்களில் ஆட்கள் தடுமாறுவார்கள், எண் நம்பத்தகாததாகிவிடும். அதைவிடப் பயனுள்ளது, புதிதாக ஒருவரை உள்ளே அழைத்து, ‘இவருக்குச் சொல்லிக் கொடுங்க’ என்று நாலு பேரிடமும் விடுவது. எதைத் தாண்டிப் போகிறார்கள், எதில் ‘மறுகா என்ன?’ என்று நிற்கிறார்கள், எதற்குத் தங்கள் சொந்தப் பெயர் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் ‘காட்சிக் கண்ணாடி’ என்று எழுதியதை அவர்கள் ‘பெரிசாக்கிற வளையம்’ என்றால், அடுத்த சுற்றில் திரையிலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

திருத்தும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: ஒருவரை விலகச்செய்த பிழை முதலில், வேலையைப் பிழையாக முடிக்கச்செய்தது அடுத்து, நேரம் வீணாக்கியது பிறகு, அழகு கடைசியில். ஒரு சுற்றில் மூன்று நாலு மாற்றத்துக்கு மேல் வேண்டாம்; எது எதைத் திருத்தியது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

மூன்றாம் சுற்றை அறையில் நடத்தாதீர்கள். மேசை நிற்கப்போகும் அதே கமநல சேவைகள் நிலையத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே பிளக்கில், கூட்டம் வழக்கமாக நடக்கும் நேரத்தில் நடத்துங்கள். பக்கத்தில் ஒரு கடதாசி வரைபடத்தையும் விரித்து வையுங்கள். பேச்சு சூடாகும்போது ஆட்கள் திரையை விட்டு அந்தக் கடதாசிக்குப் போனால், எந்த வாக்கியத்தின் நடுவில் போனார்கள் என்று நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் சுற்று அந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும்.